மூச்சு நிற்கும் இரவுகள்: ஒரு வரவு செலவு

பத்து வினாடி. தூக்கத்தில் போய்வரும் காற்று 90 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்து, அந்தக் குறைவு 10 வினாடியாவது நீடித்தால் அதை ஒரு மூச்சுத்தடை என்று மருத்துவர்கள் எண்ணுகிறார்கள். காற்று 30 சதவீதம் குறைந்து, கூடவே ரத்தத்தில் ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ அது பாதித் தடை. அதுவும் கணக்கில் சேரும். இரண்டையும் கூட்டித் தூங்கிய மணி நேரத்தால் வகுத்தால் கிடைப்பது ஏ.எச்.ஐ. என்ற எண். பெரியவர்களுக்கு மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஸ்லீப் ஆப்னியா என்ற நோய் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதை முக்கியமாக இந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

கடுமையின் தொடக்கமான 30-ஐ ஓர் இரவுக்கு விரித்துப் பாருங்கள். 7 மணி நேரத் தூக்கத்தில் 210 முறை. ஒவ்வொன்றும் குறைந்தபட்சமான 10 வினாடி என்றாலே 35 நிமிடம். சராசரி 20 வினாடி என்று வைத்தால் 70 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நுரையீரலுக்குப் போதிய காற்று இல்லாமல் ஒருவர் படுத்திருக்கிறார்; காலையில் எழும்போது அவருக்கு அதில் ஒன்றும் நினைவில் இல்லை. தலை கனக்கிறது, பகலில் கண் சொருகுகிறது, ரத்த அழுத்த மாத்திரை சரியாகக் கேட்க மறுக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சாட்சி. குறட்டை திடீரென்று நின்று, சத்தமே இல்லாமல் போய், பிறகு ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்பும். அந்த நடுவிலுள்ள நிசப்தம்தான் ஆபத்து.

இப்படி எத்தனை பேர்? 1993-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் டெரி யங்கும் சக ஆய்வாளர்களும் 30 முதல் 60 வயது வரையிலான 602 ஊழியர்களைத் தூங்கவைத்து அளந்தார்கள். ஆண்களில் 24 சதவீதம் பேருக்கும் பெண்களில் 9 சதவீதம் பேருக்கும் மணிக்கு 5 தடைகளோ அதற்கு மேலோ இருந்தன. பகல் தூக்கமும் சேர்ந்து முழு நோயாக இருந்தது ஆண்களில் 4, பெண்களில் 2 சதவீதத்தினரிடம். 2019-இல் லான்செட் குழும இதழில் வந்த உலகக் கணக்கின்படி, 30 முதல் 69 வயதுக்குள் 93.6 கோடிப் பேருக்கு ஏ.எச்.ஐ. 5-ஐத் தொட்டிருக்கிறது, 42.5 கோடிப் பேருக்கு 15-ஐ. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் இந்திய ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட மதிப்பீட்டில் உழைக்கும் வயதினரில் 10.4 கோடிப் பேர். அவர்களில் நடுத்தரமும் கடுமையுமாக 4.7 கோடி.

இந்த 4.7 கோடியை முழுச் சோதனையில் உட்கார வைத்தால் என்ன ஆகும்?

ஸ்லீப் ஸ்டடி என்று நாம் சொல்லும் முழு இரவுச் சோதனையில் தலையில் மூளை அலைக்கான மின்முனைகள், கண் ஓரங்களில் இரண்டு, தாடையில், கால்களில், நெஞ்சில் இ.சி.ஜி., மூக்கில் காற்றழுத்தக் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் ஆக்சிமீட்டர், குறட்டைக்கு மைக் என்று உடம்பு முழுக்க ஒயர்கள் போகின்றன. இரவு முழுவதும் ஒரு டெக்னீஷியன் விழித்திருக்க வேண்டும். பதிவை 30 வினாடிக்கு ஒரு பக்கமாகப் பிரிப்பது 1968-இலிருந்து இருந்துவரும் வழக்கம். 8 மணி நேரம் என்றால் 960 பக்கங்கள். பயிற்சி பெற்ற ஒருவர் மறுநாள் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். இப்படிச் சோதிக்கும் கட்டில்கள் நாட்டில் 1,000 இருப்பதாகவும், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 300 இரவு ஓடுவதாகவும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3 லட்சம் இரவுகள். 4.7 கோடிப் பேரை முடிக்க 157 ஆண்டுகள். நோயில்லாத ஒருவரைக்கூடச் சோதிக்கவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு. நடைமுறையில் நோயாளி யார் என்று தெரியாமல்தானே எல்லோரையும் படுக்க வைக்கிறோம்.

சோதிக்காமல் விட்டாலும் செலவு நிற்பதில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமிக்காக 2016-இல் தயாரான அறிக்கை, 2015-ஆம் ஆண்டின் கணக்கை இப்படிப் போட்டது. நோயுள்ள பெரியவர்கள் 2.94 கோடி. கண்டறியப்பட்டவர்கள் 59 லட்சம்; கண்டறியப்படாதவர்கள் 2.35 கோடி. முதல் கூட்டத்தாரைச் சோதிக்கவும் குணப்படுத்தவும் ஆன செலவு 1,240 கோடி டாலர். இரண்டாவது கூட்டத்தாரால் ஏற்பட்ட இழப்பு 14,960 கோடி டாலர். அதில் வேலைத்திறன் இழப்பு 8,690 கோடி, கூடவே வரும் மற்ற நோய்களுக்கு 3,000 கோடி, வாகன விபத்துகளுக்கு 2,620 கோடி, பணியிட விபத்துகளுக்கு 650 கோடி. தலைக்கு வகுத்தால் கண்டறியப்பட்டவருக்கு 2,105 டாலர், கண்டறியப்படாதவருக்கு 6,366 டாலர். மூன்று மடங்கு. அறிக்கையைக் கேட்டு வாங்கியது தூக்க மருத்துவர்களின் சங்கமே என்பதை மனதில் வைத்துத்தான் இந்த எண்களை வாசிக்க வேண்டும். ஆனாலும் வேலைத்திறன் இழப்பில் பாதியைக் கழித்துவிட்டாலும் இரண்டாவது கூட்டத்தின் தலைச்செலவு 4,500 டாலரைத் தாண்டுகிறது. இந்த நோயைக் கண்டுகொள்ளாமல் விடுவது மலிவு அல்ல என்பதற்கு எனக்கு இது போதும்.

ஆகவே கேள்வி இதுதான். 960 பக்கங்களைப் புரட்டாமல், உடம்பே இரவெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு குறிகளை மட்டும் வைத்து நோயை முன்கூட்டி மோப்பம் பிடிக்க முடியுமா?

துடிப்பில் எழும் அலை

முடியும் என்று 1984-இலேயே ஒருவர் எழுதினார். ஸ்டான்ஃபோர்டில் இருந்த கிறிஸ்டியன் கில்லெமினோ, லான்செட்டில் வெளியிட்ட கட்டுரையில் 400 ஸ்லீப் ஆப்னியா நோயாளிகளின் இதயத்துடிப்பை ஆராய்ந்து, அதில் ஒரு சுழற்சி திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார்.

ஒரே ஒரு சுழற்சியை நெருங்கிப் பார்க்கலாம், எண்கள் எடுத்துக்காட்டுக்கு. தொண்டை அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு காற்றை இழுக்கப் போராடுகிறது, காற்று வரவில்லை. 70-இல் இருந்த துடிப்பு 60 ஆகிறது, 52 ஆகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய வேகஸ் நரம்பு இதயத்தின் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது. இருபத்தைந்தாவது வினாடியில் மூளை பதறிக்கொள்கிறது. முழு விழிப்பு இல்லை. மூன்று நான்கு வினாடிச் சலனம். தொண்டைத் தசை இறுகி வழி திறக்கிறது, காற்று பாய்கிறது, துடிப்பு 52-இலிருந்து ஒரே தாவலில் 90-ஐத் தாண்டுகிறது. ரத்த அழுத்தமும் அதோடு எகிறுகிறது. பத்துப் பதினைந்து வினாடியில் எல்லாம் தணிந்து தூக்கம் ஆழ்கிறது. தொண்டை மறுபடி தளர்கிறது. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் இதைச் சற்றுத் தாமதமாகத்தான் அறியும். நுரையீரலில் நடந்த செய்தி ரத்தத்தோடு விரல் நுனிக்கு வந்து சேர வேண்டுமல்லவா? ஆகவே மூச்சு திரும்பிய பிறகுதான் அதில் ஆகக் குறைந்த எண் தெரியும்.

ஒரு சுழற்சிக்கு 45 வினாடி என்று கொள்வோம். 1-ஐ 45-ஆல் வகுத்தால் 0.022 ஹெர்ட்ஸ். இயல்பான தூக்கத்தில் துடிப்பு மூச்சோடு சேர்ந்து ஆடும்; நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் அந்த ஆட்டம் 0.25 ஹெர்ட்ஸில் இருக்கும். 1996-இல் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் குழுக்கள் சேர்ந்து வகுத்த அளவுகோலில் மூச்சின் ஆட்டம் 0.15-க்கும் 0.4-க்கும் நடுவில் வருகிறது. ஆப்னியாவின் சுழற்சி பெரும்பாலும் 0.04-க்குக் கீழேயோ அதை ஒட்டியோ விழுகிறது. இரண்டும் வேறு வேறு அறைகள். எந்த அறையில் சத்தம் கேட்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. துடிப்பின் சராசரியைக் கேட்டால் இது தெரியாது. ஏற்ற இறக்கத்தை, அந்த ஏற்ற இறக்கத்தின் தாளத்தைக் கேட்க வேண்டும்.

கில்லெமினோ சொன்னதில் எனக்கு ஆகப் பெரியதாகப் படுவது இந்தச் சோதனைக்குத் தனி இரவு தேவையில்லை என்பது. இதய நோய்க்காக 24 மணி நேரம் நெஞ்சில் மாட்டி அனுப்பும் ஹோல்டர் கருவி இரவையும் சேர்த்தே பதிகிறது. அந்தப் பதிவு ஏற்கெனவே கையில் இருக்கிறது, பணமும் கட்டியாகிவிட்டது.

மார்பர்க்கின் 70 பதிவுகள்

ஒரு நிபுணர் கண்ணால் பார்த்துச் சொல்வது வேறு, கணினி எண்ணிச் சொல்வது வேறு. இரண்டாவது நம்பத் தகுந்ததா என்று பார்க்க, 2000-ஆம் ஆண்டில் ஒரு திறந்த போட்டி நடந்தது. ஜெர்மனியில் மார்பர்க் நகரின் பிலிப்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் பென்ஸல் 70 இரவுகளின் இ.சி.ஜி. பதிவுகளைக் கொடுத்தார். அமெரிக்காவின் ஃபிஸியோநெட் என்ற தரவுத்தளம் அவற்றை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. 35 பதிவுகள் பழகுவதற்கு, 35 தேர்வுக்கு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 முதல் 10 மணி நேரம். ஒவ்வொரு நிமிடத்துக்கும், இதில் தடை உண்டா இல்லையா என்று, மற்றக் குறிகளையும் பார்த்து நிபுணர் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார்.

வந்தவை 13 கணிப்பு முறைகள். நோயாளியையும் நலமானவரையும் பிரித்துச் சொல்வதில் 4 முறைகள் ஒருவரைக்கூடத் தவறவிடாமல் முழு மதிப்பெண் பெற்றன. எந்த நிமிடத்தில் தடை என்று சொல்லும் கடினமான பகுதியில் 90 சதவீதத்தைத் தாண்டியவை 2. முன்னணியில் வந்தவை துடிப்பின் தாளத்தோடு இன்னொன்றையும் பார்த்தன: மூச்சுவிடும்போது நெஞ்சு அசைவதால் இ.சி.ஜி. கோட்டின் உயரமே சற்று மாறும். மூச்சை அளக்கும் கருவி இல்லாமலேயே மூச்சின் நிழல் அந்தக் கோட்டில் விழுந்திருக்கிறது.

எவ்வளவு குறைந்த சரக்கில் இதைச் சாதித்தார்கள் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பதிவு வினாடிக்கு 100 புள்ளி. 8 மணி நேரத்துக்கு 28,80,000 எண்கள். ஒரு எண்ணுக்கு 2 பைட் என்றால் 58 லட்சம் பைட்டுக்கும் குறைவு. கைப்பேசியில் எடுக்கும் ஒரு நல்ல புகைப்படத்தின் அளவு. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 60 துடிப்பு என்று, வெறும் 28,800 எண்கள்.

ஆனால் அந்த 70 பதிவுகளும் 32 பேருடையவை. 25 ஆண்கள், 7 பெண்கள். வயது 27 முதல் 63. பெண்கள் 22 சதவீதம்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ கணிப்பு முறைகள் இந்த 32 பேரின் மேல்தான் பழகி, 95, 98 என்று மதிப்பெண் அறிவித்து வருகின்றன. மார்பர்க்கில் படுத்திருந்த 7 பெண்கள் உலகத்துப் பெண்கள் எல்லோருக்கும் பதில் சொல்ல முடியாது. நம் வீடுகளில் பெண்ணின் குறட்டையை வெளியே சொல்வதில்லை; மருத்துவரிடமும் களைப்பு, தூக்கமின்மை என்றே சொல்கிறார்கள். தரவிலும் அவர்கள் குறைவு, வரிசையிலும் குறைவு.

விரல் நுனியின் கணக்கு

இரண்டாவது குறி ஆக்சிஜன். இதில் ஏற்ற இறக்கத்தை அளக்கப் பெரிய கணிதம் வேண்டாம், கையிலேயே போடலாம். 12 வினாடிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைக் கூட்டி, இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் டெல்டா குறியீடு. 8 மணி நேரத்துக்கு 2,400 புள்ளிகள்.

ஒருவரின் எண்கள் 96, 96, 94, 90, 86, 93, 96 என்று வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசங்கள் 0, 2, 4, 4, 7, 3, கூட்டல் 20, ஆறால் வகுத்தால் 3.3. இவருடைய சராசரி ஆக்சிஜன் 93. இன்னொருவருக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். அவருக்கு 93, 93, 93 என்று அசையாமல் நிற்கிறது. சராசரி அதே 93, டெல்டா பூஜ்யம். சராசரி பார்ப்பவருக்கு இருவரும் ஒரே நோயாளி. வித்தியாசம் பார்ப்பவருக்கு முதலாமவர் இரவெல்லாம் மூச்சுக்குத் தவிக்கிறார் என்று உடனே புரியும்.

1996-இல் செஸ்ட் இதழில் பிரெஞ்சு ஆய்வாளர் லெவியின் குழு சுமார் 300 பேரிடம் இதைச் சோதித்தது. நோயுள்ளவர்களில் 98 சதவீதம் பேரை டெல்டா பிடித்தது. நோயில்லாதவர்களில் 46 சதவீதம் பேரை மட்டுமே இல்லை என்று சரியாக விட்டது. அதாவது டெல்டா குறைவாக வந்தால் ஏறக்குறைய நிம்மதியாக இருக்கலாம். கூடுதலாக வந்தால் அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. பிறகு ஸ்பெயினின் வயடோலிட் பல்கலைக்கழகத்தார் 187 பேரின் ஆக்சிஜன் பதிவுகளில் என்ட்ரபி என்ற அளவைப் போட்டுப் பார்த்தார்கள். எண்களின் வரிசை எவ்வளவு ஒழுங்கற்றது, முந்தைய எண்களிலிருந்து அடுத்ததை எந்த அளவுக்கு ஊகிக்கலாம் என்பதை அது சொல்கிறது. 2006-இல் அவர்கள் அறிவித்தது: நோயைப் பிடிப்பதில் 88.3 சதவீதம், நலத்தைச் சரியாக விடுவதில் 82.9.

ஆக்சிஜனுக்கு என்று ஒரு பலவீனம் உண்டு. நல்ல நுரையீரல் உள்ள இளைஞருக்கு 20 வினாடி மூச்சு நின்றாலும் எண் 97-இலிருந்து 95-க்கு மட்டும் இறங்கலாம். ஆக்சிஜன் வளைவின் மேல் பகுதி தட்டையானது. 90-ஐ நெருங்கியபின்தான் சரிவு செங்குத்தாகும். அவருக்குத் தூக்கம் நூறு முறை கலைந்திருக்கும். ஆக்சிமீட்டர் அமைதியாக இருக்கும். கருவியும் ஒரு காரணம். சில ஆக்சிமீட்டர்கள் பல வினாடிகளின் சராசரியைத்தான் காட்டும். பள்ளத்தின் அடி அதில் நிரவப்பட்டுவிடும். அதனால்தான் தூக்கச் சோதனைக்கு 3 வினாடிக்கு மேல் சராசரி எடுக்கக் கூடாது என்பது விதி. கொரோனா காலத்தில் நாம் வாங்கிப் போட்ட விரல் கருவிகளில் பெரும்பாலானவை அந்த நேரத்து எண்ணைக் காட்டுமே தவிர இரவு முழுவதையும் சேமிக்காது. அதை மாட்டிப் பார்த்து 97 இருக்கிறது என்று திருப்திப்படுவதில் அர்த்தமில்லை. பார்க்கும்போது நீங்கள் விழித்திருக்கிறீர்கள்.

தோல் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். 2020-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், ஆக்சிமீட்டர் நன்றாக இருப்பதாகக் காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். ஏற்ற இறக்கத்தை எண்ணும்போது, பிழை எப்போதும் ஒரே அளவில் இருந்தால் கழித்தலில் அது அடிபட்டுப்போகும். ஆனால் பிழை அப்படி ஒரே அளவில் இருப்பதில்லை. ஆக்சிஜன் இறங்க இறங்க வளரக்கூடியது. நம் தோலில், நம் ஊரில் அளந்து பார்த்த பிறகே நம் எல்லைக்கோட்டை வரைய வேண்டும்.

ஆயிரம் பேரின் பேரேடு

88, 98 என்று சதவீதங்களை அடுக்கினால் எல்லாமே நல்ல சோதனைகளாகத் தெரியும். ஒரு தெருவின் 1,000 பேருக்கு அவற்றைப் போட்டுப் பார்த்தால்தான் விவரம் புரியும். நடுத்தரமும் கடுமையுமான நோய் 5 சதவீதம் பேருக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். எய்ம்ஸ் தொகுப்பின் மதிப்பும் அதை ஒட்டியதுதான். 50 பேருக்கு உண்டு, 950 பேருக்கு இல்லை. ஆய்வுகள் தந்த விகிதங்கள் தெருவிலும் அப்படியே நிற்கும் என்பது ஒரு தாராளமான அனுமானம். ஆய்வுக்கு ஆய்வு எல்லைக்கோடும் வேறு. ஆகவே இவை துல்லிய எண்கள் அல்ல. எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டுபவை.

வடிகட்டாமல் எல்லோரையும் ஸ்லீப் ஸ்டடிக்கு அனுப்பினால் 1,000 இரவுகள், 50 நோயாளிகள். ஒருவரைக் கண்டுபிடிக்க 20 இரவு.

டெல்டா குறியீட்டால் வடிகட்டினால் 49 பேர் பிடிபடுவார்கள், ஒருவர் தப்புவார். நலமான 513 பேரும் கூடவே வருவார்கள். மொத்தம் 562 இரவுகள்; ஒரு நோயாளிக்கு 11.5 இரவு.

என்ட்ரபியால் வடிகட்டினால் 44 பேர் பிடிபடுவார்கள், 6 பேர் தப்புவார்கள், நலமானவர் 162 பேர் கூட வருவார்கள். 206 இரவுகள்; ஒருவருக்கு 4.7 இரவு.

மூன்றாவது, கைக்கடிகாரம். 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்ற ஆப்பிள் வாட்ச், மணிக்கட்டின் நுண்ணசைவிலிருந்து மூச்சுக் குலைவை எண்ணுகிறது. நிறுவனமே வெளியிட்ட கணக்கில் நோயைப் பிடிப்பது 66.3 சதவீதம், நலத்தைச் சரியாக விடுவது 98.5. நம் தெருவில் 33 பேரைப் பிடிக்கும், 17 பேரை விடும், நலமானவர்களில் 14 பேரை மட்டும் தொந்தரவு செய்யும். 47 இரவுகள்; ஒருவருக்கு 1.4 இரவு.

பணத்தை மட்டும் பார்த்தால் கடிகாரம் வென்றது. உயிரைப் பார்த்தால் 17 பேர் கைவிடப்பட்டார்கள். கடுமையானவர்களில் 89 சதவீதம் பேரை அது பிடிக்கிறது. நடுத்தரமானவர்களில் 43 சதவீதம் பேரைத்தான். கடிகாரம் எச்சரித்தால் நம்பலாம். எச்சரிக்காமல் இருப்பதை நற்சான்றாகக் கொள்ளக் கூடாது. டெல்டாவுக்கு இது தலைகீழ். ஒரே வேலைக்கு வந்தவை போலத் தோன்றும் இரண்டும் உண்மையில் எதிரெதிர் வேலைகளுக்கு உதவுபவை. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதால் மருத்துவர்கள் சொல்ல வேண்டும்.

கடிகாரத்துக்கு மட்டும் உள்ள பலம் ஒன்று உண்டு: அது தினமும் கையில் இருக்கிறது. மல்லாந்து படுத்த இரவு, மது அருந்திய இரவு, சளி பிடித்த இரவு என்று ஏ.எச்.ஐ. நாளுக்கு நாள் மாறுகிறது. மெத்தைக்கு அடியில் வைக்கும் உணர்கருவி மூலம் 67,278 பேரின் தூக்கத்தைத் தொடர்ந்து பதிந்த 2022-ஆம் ஆண்டு ஆய்வு, ஒற்றை இரவை மட்டும் வைத்து முடிவுசெய்தால் நோயுள்ளவர்களில் 20 முதல் 50 சதவீதம் பேர் தவறான தட்டில் விழுவார்கள் என்று காட்டியது. 14 இரவு அளந்தபின் அந்தப் பிழை குறைந்து நிலைபெற்றது. ஒயர்களோடு மருத்துவமனையில் 14 இரவு யாராலும் படுக்க முடியாது. விலை மலிந்த குறிக்கு உரிய இடம் இதுதான்: துல்லியத்தில் விட்டதை இரவுகளின் எண்ணிக்கையில் பிடிப்பது.

சர்க்கரை என்ற செலவுத் தலைப்பு

இதயத்துடிப்பின் அலை எழ வேண்டுமானால் இதயத்துக்குப் போகும் தானியங்கு நரம்புகள் நலமாக இருக்க வேண்டும். அந்த நரம்புகளை மெல்லத் தின்னும் நோய் நம்மிடம்தான் அதிகம். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய இந்தியாப் (INDIAB) ஆய்வு 2023-இல் சொன்னது: நாட்டில் 10.1 கோடிச் சர்க்கரை நோயாளிகள், பெரியவர்களில் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. நீண்ட காலச் சர்க்கரையில் நரம்பு பழுதானவருக்குத் துடிப்பின் ஏற்ற இறக்கம் மங்கிவிடும். மூச்சு நிற்கும், இதயம் அதைச் சொல்லாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்குத் துடிப்பு தன்பாட்டுக்குத் தாறுமாறாக ஓடும். அதில் சுழற்சியைத் தேட முடியாது. பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் அப்படித்தான். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு அலையின் மேல் நுனி வெட்டுப்படும்.

இந்த நான்கு வகையினரும் ஸ்லீப் ஆப்னியா அதிகம் காணப்படும் கூட்டத்திலேயே இருக்கிறார்கள் என்பதுதான் இதில் வேதனையான வரி. யாருக்குச் சோதனை அவசரமாகத் தேவையோ அவரிடம்தான் துடிப்புச் சோதனை வலுவிழக்கிறது. அவர்களுக்கு ஆக்சிஜன் பதிவும் மூக்குக் குழாயும் சேர்ந்த வீட்டுச் சோதனையோ, முழு ஸ்லீப் ஸ்டடியோதான் வழி. கேள்வித்தாளும் முழுக்கக் காப்பாற்றாது. டொராண்டோவில் 2008-இல் உருவான 8 கேள்விகள் கொண்ட ஸ்டாப்-பேங், உடல் பருமக் குறியீடு 35-ஐத் தாண்டினால்தான் ஒரு மதிப்பெண் தருகிறது. நம்மவர்களுக்கு 25-இலேயே பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளிடம் ஒரு வேண்டுகோள். ஹோல்டர் பதிவுகள் உங்கள் கணினிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. சர்க்கரை உள்ளவர், இல்லாதவர், ஆண், பெண் என்று பிரித்து, அவர்களில் சிலருக்காவது ஸ்லீப் ஸ்டடியும் செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள். மார்பர்க் 32 பேரை வைத்து உலகத்துக்கு உதவியது. இங்கே ஒரே மருத்துவமனையால் அதைவிடப் பெரிய, நம் உடம்புகளுக்கே உரிய தொகுப்பை உருவாக்கிவிட முடியும்.

வாசகர்களுக்கு ஒன்று. உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ அண்மையில் ஹோல்டர் எடுத்திருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது "இரவுப் பகுதியில் துடிப்பு அலையலையாக ஏறி இறங்குகிறதா, பாருங்கள் டாக்டர்" என்று கேளுங்கள். கடிகாரம் எச்சரித்தால் தள்ளிப்போடாமல் நெஞ்சக நோய் மருத்துவரிடமோ காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமோ போங்கள். கருவி எதுவுமே எச்சரிக்கவில்லை, ஆனால் தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுத்தவர் கண்ணால் பார்த்திருக்கிறார் என்றால், அவர் சொல்வதை நம்பி மருத்துவரிடம் போங்கள்.